ராசா அத்தானின் லீவ்

சவ்வரிசி ஊறவில்லை. ஊறாத சவ்வரிசியை அப்படியே கொதிநீரில் போட்டால் நடுவில் அந்த வெள்ளைப் புள்ளி போகாமல் நிற்கும், பல்லில் கடிபடும், ஆனால் ஊறவைக்க எங்கே நேரம், ராசா அத்தான் இப்போது பஸ்ஸுக்கு நிற்பார், பஸ் வந்தால் ஏறுவார், ஏறினால் வந்துவிடுவார், வந்து கையைக் கழுவிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பாயாசம் எங்கே பிள்ளை என்பார். நான் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் எனக்கே விளங்கவில்லை, ஏன் இதைக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறேன், என்னை நாட்டைவிட்டு அனுப்புவதற்கு நானே பாயாசம் வைப்பேனா, ஆனால் கை தன்பாட்டில் அலுமாரியைத் திறந்தது, சவ்வரிசிப் பையை எடுத்தது, தேங்காய்ப்பால் ரின்னை உடைத்தது. மூத்தவர் ஒன்று கேட்டால் செய்து பழகின கை, அதற்கு அரசியல் தெரியாது. முன்னறையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடுகிறது. சத்தத்தை நான்தான் நிறுத்தினேன், கீழே ஓடும் எழுத்தை நிறுத்த முடியவில்லை, குசினி வாசலில் நின்று பார்த்தாலும் தெரிகிறது, லீவ், லீவ், லீவ். நேற்று நாடு முழுக்க வாக்குப் போட்டார்கள், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று. விடிய எழும்பிப் பார்த்தால் விலகுவதாம். என் கணவர் சீலன் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார், "அண்ணர் ஒராள் எங்களுக்காகப் போட்டும் போதாமப் போச்சு, பாத்தியே." சொல்லிவிட்டு வானை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வான் தெரு முனையைத் திரும்பியிருக்காது, போன் அடித்தது. ராசா அத்தான், சீலனின் அண்ணன், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருப்பவர், பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலையை முடித்துக்கொண்டு நிற்கிறார். "பிள்ளை, ரீவி பாத்தனீரோ? லீவ் வெண்டிட்டுது. நான் போட்டதுதான் வெண்டிருக்கு." சிரித்தார். அவர் சிரிப்பது குறைவு. "பாயாசம் ஒண்டு வையும், வாறன்." யாரோ பெட்ரோலுக்குக் காசு கொடுக்க வந்திருக்க வேண்டும், வைத்துவிட்டார்.

நான் போட்டதுதான் வெண்டிருக்கு. அப்படியென்றால் அவர் லீவுக்குப் போட்டிருக்கிறார். நான் கேட்டதற்கு எதிராகப் போட்டிருக்கிறார். எந்தப் பக்கத்தால் திருப்பிப் பார்த்தாலும் அந்த வசனம் இங்கேதான் வந்து நிற்கிறது. புதன்கிழமை பின்னேரம், இதே மேசையில், அவர் வேலைக்குப் போகமுன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் நாலு பேர், வாக்கு ஒன்று. நானும் சீலனும் மகள் ஆரணியும் டென்மார்க் பாஸ்போட்காரர், ஐரோப்பியர், ஆகவே ஐரோப்பாவைப் பற்றிய வாக்கெடுப்பில் எங்களுக்கு வாக்கு இல்லை. ராசா அத்தான் இன்னும் இலங்கைப் பாஸ்போட், இலங்கை பொதுநலவாய நாடு, கொமன்வெல்த், ஆகவே அவருக்கு உண்டு. இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது சீலன் விழுந்து விழுந்து சிரித்தார், டெனிஷ் பாஸ்போட்டுக்கு எத்தனை வருஷம் தவம் கிடந்தோம், கடைசியில் அண்ணரின் பழைய பாஸ்போட்டுக்கல்லவா மதிப்பு என்று. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. "அத்தான், நாளைக்கு நாங்கள் இஞ்ச இருக்கிறதுக்குப் போட்டுவிடுங்கோ," என்றேன். அவர் பிட்டைக் குழைத்துக்கொண்டே, "அதுக்கென்ன பிள்ளை, போட்டாப் போச்சு," என்றார். நேற்று எப்படி மழை பெய்தது. சேர்ச் மண்டபத்துக்குப் போய்ப் போட்டுவிட்டுத் தலையால் தண்ணீர் வடிய வந்தார். "போட்டிட்டன்," என்றார். துவாயைக் கொடுத்தேன், இஞ்சிபோட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எதற்குப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை. அந்த மனிதரிடம் அதை யாராவது கேட்பார்களா.

அடியில் பிடிக்கிறது, கிண்ட வேண்டும். வேண்டுமென்றே போட்டிருப்பாரா. இல்லை, இருக்காது. ஏன் இருக்காது. ஷெட்டில் விடிய விடிய என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. முதலாளி சிவபாதம் ஒருநாள் இங்கே வந்து இதே கதிரையில் இருந்து சொன்னார், "நாங்கள் கியூவில நிண்டு வந்த ஆக்கள். போலந்துக்காரன், ருமேனியாக்காரன் எல்லாம் நேர வந்து இறங்கிறான். எங்கட ஆக்கள் எத்தினை பேர் இன்னும் கேஸோட அலையினம்?" சிவபாதம் வந்தது லொறிக்குள் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளித்து. அது எந்தக் கியூ என்று நான் கேட்கவில்லை, வடையை நீட்டினேன். அப்போது அத்தான் என்ன செய்தார், யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த மௌனத்தை அன்றைக்கு நான் மரியாதை என்று நினைத்தேன். சரி, அதற்கு முந்தி. நாங்கள் டென்மார்க்கிலிருந்து வந்து இறங்கிய நாள். விமான நிலையத்தில் வெளியே நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் பாஸ்போட்டைக் காட்டினோம், வந்தோம், அவ்வளவுதான், ஆரணிக்கு ஜூஸ் பெட்டியில் ஸ்ட்ரோ குத்திக் கொடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. அத்தான் எங்களைக் கண்டதும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகுதான் தம்பியைக் கட்டிப்பிடித்தார். "உங்களுக்கென்ன, யூரோப்பியன். கதவு தானாத் திறக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இவ்வளவு காலம் கழித்து அது என் காதில் கிடக்கிறதே, ஏன் கிடக்கிறது, சும்மா சொன்ன வார்த்தை கிடக்குமா. அவர் அப்போது அகதி அந்தஸ்துக் கேட்டுக் கேஸ் எழுதிப் பல வருஷம், முடிவில்லை. வெளிநாடு போக முடியாது, ஊரில் தாய் செத்தபோது போகவில்லை, இந்த நாட்டில் ஒரு சேர்ச் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். அவருக்குப் பேசிவைத்த பெண் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கனடா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். நாங்கள் ஒரு பின்னேரம் விமானம் ஏறி வந்து வேலை எடுத்தோம், வீடு எடுத்தோம், அவரை அந்த வீட்டுச் சின்ன அறையில் கொண்டுவந்து வைத்தோம். அந்த அறையில் படுத்துக்கொண்டு எத்தனை இரவு அவர் அந்தக் கதவை நினைத்திருப்பார். மனிதன்தானே. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, கோபம் வந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

எல்லாரும் ஏதோ வேறொன்றுக்குத்தான் போடுகிறார்கள், நான் இதை இரண்டு நாட்டில் பார்த்துவிட்டேன். டென்மார்க்கில் ஹேர்னிங் என்கிற ஊரில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே இங்கர் என்று ஒரு கிழவி இருந்தா, கறுவாப்பட்டை போட்டுப் பாண் சுட்டால் எனக்கு ஒரு துண்டு மேலே வரும். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம், ஐரோப்பா எல்லாம் ஒன்றாகச் சேருகிற அந்த ஒப்பந்தம் வந்தது, டென்மார்க் வேண்டாம் என்று போட்டது, சின்ன நாடு, மயிரிழையில் வேண்டாம், ஐரோப்பா முழுக்க ஆடிப்போனது. இங்கரும் வேண்டாம் என்றுதான் போட்டா. ஏன் என்று கேட்டேன். மந்திரிமார் எங்களைக் கேட்காமல் எல்லாவற்றையும் பேசி முடிக்கிறார்கள், ஒருக்கால் பயப்படட்டும் என்றா. நான் பயந்தேன், மந்திரிமார் பயந்தார்களோ தெரியாது. உன்னைப் பற்றியில்லை மகளே, என்று என் கன்னத்தைத் தட்டினா. அடுத்த வருஷம் நாலு விலக்கைக் கொடுத்து மறுபடி கேட்டார்கள், ஆம் என்று போட்டார்கள். அந்த நாலில் ஒன்று, ஐரோப்பியக் குடியுரிமை டெனிஷ் குடியுரிமைக்குப் பதிலாகாது என்பது. இங்கர் வேண்டாம் என்ற அந்தக் குடியுரிமையில் ஏறித்தான் நான் லண்டன் வந்தேன். வராமலே இருந்திருக்கலாம், ஆனால் அங்கேயும் பிறகு ஒரு தேர்தல் வந்தது, வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர் என்று சுவரெல்லாம் போஸ்டர், ஆரணியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்தப் போஸ்டர்களைக் கடந்து போவேன், அவள் அதைப் பார்த்துக் கைகாட்டுவாள். இங்கே முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டுகிற மார்கரெட். தபாலில் போட்டுவிட்டேன் என்றா போன கிழமை. விலகத்தான். ஏன் மார்கரெட் என்றேன். அவ இருந்த ஊரில் ஆஸ்பத்திரியை மூடினார்களாம், புருஷன் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்களாம், டொக்டரைப் பார்க்க முடியவில்லையாம். அதெல்லாம் லண்டனில் ஆள்கிறவர்கள் செய்தது, கோபம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் இருக்கிற புரசெல்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ இல்லை, உன்னைச் சொல்லவில்லை, என்று என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டா. அவவின் முதுகைத் துடைத்துக்கொண்டே நான் நினைத்தேன், என்னைச் சொல்லாமல் எல்லாரும் எவ்வளவு சொல்லுகிறார்கள். ஒரு நாட்டுக் குசினிச் சண்டையில் இன்னொரு நாட்டுக்காரியின் கட்டில் ஆடுகிறது. சரி, அவர்கள் வெளியார். அவர்களுக்கு என் சமையல் தெரியாது, என் மகளின் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. இது என் குசினி. என் கையால் பிட்டுச் சாப்பிட்ட மனிதர்.

ஆரணி லெஸ்ரர் பல்கலைக்கழகத்திலிருந்து மெசேஜ் போட்டிருக்கிறாள், படிப்பு இன்னும் இரண்டு வருஷம். அம்மா நாங்கள் போகவேணுமா. அவ்வளவுதான், கேள்விக்குறிகூட இல்லை. நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது, யாருக்கும் தெரியாது, தொலைக்காட்சியில் வாயசைக்கிற அந்தக் கோட்டுக்காரர்களுக்கே தெரியாது, முகத்தைப் பார்த்தால் வென்றவர்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில், ஊரைவிட்டு வெளிக்கிடும்போது, அம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்து உனக்கு வேண்டியதை இதற்குள் வை என்றா, நான் ரியூஷன் கொப்பி ஒன்றும் வெள்ளைச் சப்பாத்தும் வைத்தேன், ஹேர்னிங் பனியில் அந்தச் சப்பாத்து ஒரு நாள்கூட உதவவில்லை. முப்பது வயதில் மறுபடி கட்டினேன், அப்போது பெட்டி பெரிது. இப்போது நாற்பத்திரண்டு. இந்தக் குசினியைப் பார்க்கிறேன், எதைக் கட்டுவது, கிரைண்டரையா, கறிவேப்பிலைச் செடியையா, அது மூன்று பனிக்காலம் யன்னலுக்குள் இருந்து தப்பின செடி. சீலன் சொல்லுவார், எனக்குத் தெரியும், இன்று பின்னேரமே சொல்லுவார், அப்ப திரும்பி டென்மார்க்குக்கே போவம். போவம் என்பது அவருக்கு லேசு, வான் ஓட்டுகிறவர். எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இன்னொரு முறை என்னால் முடியாது, நான் சும்மா சொல்லவில்லை, இன்னொரு நாட்டில் இன்னொரு முறை குப்பை எந்த நாளில் எந்த வாளியில் போடுவது என்று பழக என்னால் முடியாது. ஒரு வாக்கால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். லட்சக்கணக்கில் வித்தியாசம். அத்தான் எதற்குப் போட்டிருந்தாலும் இன்று விடிய இதே எழுத்துத்தான் ஓடியிருக்கும். தெரிந்து என்ன, லட்சம் பேர் எனக்குப் போ என்று சொன்னது தொலைக்காட்சியில் நடக்கிறது, ஒராள் சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. அந்தச் சுவருக்கு அங்காலே அவர் இருமுவது எனக்குக் கேட்கும். இருமலை வைத்தே நித்திரையா முழிப்பா என்று சொல்லுவேன்.

சர்க்கரை போட்டேனா. போட்டேன், நாவில் வைத்துப் பார்த்தேன், போட்டிருக்கிறேன். ஏலக்காய். கடைசியாக இந்த வீட்டில் அத்தான் தானாகக் கேட்டுப் பாயாசம் வைத்தது எப்போது. பிறந்தநாளுக்குக்கூடக் கேட்க மாட்டார். ஒரே ஒரு நாள் கேட்டார். கேட்டது, கேட்டது, அவருக்குக் கிடைத்த நாள். பதினாலு வருஷம் கழித்து லோயர் ஷெட்டுக்கே போன் பண்ணிச் சொன்னாராம், ராசா, உனக்கு லீவ் கிடைத்துவிட்டது. அகப்பை கையிலிருந்து வழுக்கிப் பானைக்குள் விழுந்துவிட்டது. லீவ் கிடைத்துவிட்டது. நாங்கள் அப்படித்தானே சொல்லுவோம். லோயர்மார் சொல்லுவது நீட்டு, இண்டெஃபினிட் லீவ் ரு ரிமெயின், காலவரை இல்லாமல் தங்க அனுமதி. எங்கள் ஆட்களுக்கு அவ்வளவையும் சொல்ல வாய் வராது, லீவ் என்று மட்டும் வைத்துக்கொண்டு ரிமெயினை வெட்டிவிட்டார்கள். அவருக்கு லீவ் கிடைச்சிட்டுதாம். இவைக்கு இன்னும் லீவ் வரேல்லையாம். கோவிலில் அருச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லி, லீவ் கிடைக்கவேணும் ஐயா என்று குருக்களின் காதில் சொன்னவர்கள் எத்தனை பேர். லீவ் என்றால் போவது என்று அந்த ஆட்களுக்கு யார் சொன்னது. அவர்களுக்கு லீவ் என்றால் இருப்பது. அன்றைக்கு அத்தான் ஒரு பெரிய பெட்டி லட்டோடு வந்தார், வந்து செருப்பைக் கழற்றாமலே பக்கத்து வீட்டுக் கென்னிடம் போய் லட்டை நீட்டி, ஐ காட் லீவ் என்றார். கென் லட்டை வாங்கிக்கொண்டு, நல்லது, எங்கே போகிறாய் என்று கேட்டார். விடுமுறை என்று நினைத்துவிட்டார். அத்தானுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எங்கேயும் போகவில்லை, இனி இங்கேதான், இனி இங்கேதான், என்று கென்னின் கையைப் பிடித்துக் குலுக்கினார், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, கென் பாவம் முழுசிக்கொண்டு நிற்கிறார், நானும் சீலனும் வேலியடியில் நின்று சிரித்தோம். பிறகு உள்ளே வந்து, பிள்ளை, பாயாசம் ஒண்டு வையும், என்றார். இதே வசனம். ஒரு சொல் மாறவில்லை.

அப்படியென்றால் அவர் எனக்குத் தந்திருக்கிறார். தனக்குக் கிடைத்ததிலேயே பெரிதை எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார். நாங்கள் இருக்கிறதுக்குப் போடுங்கோ என்று நான் தமிழில் கேட்டேன், அவர் போய்த் தனக்குத் தெரிந்த இருப்பதற்கான இங்கிலீஸ் சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறார். ரிமெயின் என்று ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், சொல்ல வாய் வந்ததுதான், மூத்த மனிதருக்கு இங்கிலீஸ் படிப்பிக்கிறேன் என்று ஆகிவிடுமோ என்று விழுங்கினேன். எவ்வளவு நல்லது, எவ்வளவு பெரிய ஆறுதல், என்று மனம் ஒரு கணம் கதிரையில் சாய்ந்தது, மறுகணம் எழும்பிவிட்டது. உண்மையாகவா. அவர் ஷெட்டில் விடிய விடிய ரீவி பார்ப்பவர். மாதக்கணக்கில் இதே கதை ஓடுகிறதே, ஒருநாளுமா விளங்கியிருக்காது. ஆனால் அந்த ரீவியில் அவர் பார்ப்பது தமிழ்ச் செய்தியும் கிரிக்கெட்டும். ஆனால் சிவபாதம். ஆனால் அந்தச் சிரிப்பு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லுகிற கதையாக இருக்கலாம், வீட்டுக்குள்ளும் ஒருவர் என்னை வேண்டாம் என்று சொன்னார் என்பதைத் தாங்க முடியாமல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனாக்கும். சரி, பிழையாகத்தான் போட்டார் என்று வை. அது இன்னும் மோசமில்லையா. அந்த மனிதர் பதினாலு வருஷம் கதவு தட்டுகிற சத்தத்துக்கு எழும்பி இருந்தவர், தபால்காரனுக்கே நடுங்கினவர். தம்பி குடும்பத்தை நானே போ என்று சொன்னேன் என்று தெரிந்தால் அவர் சாப்பிடுவாரா, படுப்பாரா, பக்கத்து அறையில் அந்த இருமல் இருக்குமா. சொல்லக்கூடாது. சீலனுக்கும் சொல்லக்கூடாது, அவர் கோபக்காரர், ஒரு வார்த்தை விட்டால் அண்ணன் தம்பி அதோடு சரி. நல்லது அத்தான், வெண்டிட்டம், என்று சொல்லிப் பாயாசத்தை ஊற்றிக் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், எவ்வளவு நாளைக்கு, தொலைக்காட்சியை உடைக்க முடியுமா, ஒருநாள் யாராவது சொல்லித்தானே தீருவார்கள். வேண்டுமென்றே போட்டிருந்தாலும் சிரிக்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாயாசம். தீய்ந்த மணம் வருகிறது. அடுப்பை நிறுத்தினேன், அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பானையில் ஊற்றினேன், மணம் போகவில்லை. வாயைத் திறந்து வெண்டிட்டம் அத்தான் என்று ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். பானையை மூடிவிட்டு மறுபடி சொன்னேன்.

வாசல் மணி அடித்தது. அத்தானிடம் திறப்பு இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மணி அடித்ததில்லை, சத்தமில்லாமல் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து வந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பார், காலையில் எங்கள் நித்திரை குழம்பும் என்று. தபால்காரனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போய்த் திறந்தேன். அத்தான்தான். ஒரு கையில் லட்டுப் பெட்டி, மற்றக் கையில் திறப்பு. வெளியே நல்ல வெயில், நேற்றுப் பெய்த மழைக்கு அடையாளமே இல்லை. அவர் படிக்குக் கீழே நின்றார்.

"என்ன அத்தான், திறப்பு கையில கிடக்கு, மணி அடிக்கிறியள்?"

"மிஹாய்க்குக் கை குடுத்தனான் பிள்ளை," என்றார். ஷெட்டுக்குப் பின்னால் கார் கழுவுகிற ருமேனியப் பொடியன், அத்தானுக்கு இரவில் பேச்சுத்துணை. "வெண்டிட்டம், இனி உனக்கும் பயமில்லை எண்டு சொல்லிக் கை குடுத்தனான். தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தனான். அவன் என்னைப் பாத்தபடி நிண்டான். கோவிக்கேல்ல. பக்கத்தில இருத்தி, குழந்தைப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னவன். லீவ் எண்டால் போ எண்டும் கருத்தாம்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயார்பண்ணி வைத்திருந்த வசனத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வோட்டுக் கடுதாசியில லீவ் எண்டு கிடந்தது," என்றார். "அந்த வரியிலேயே யூரோப்பியன் எண்டும் கிடந்தது. யூரோப்பியனுக்கு லீவ். அது நீங்கள்தானே எண்டு பாத்துத்தான் போட்டனான். மற்றதில மெம்பர் எண்டு ஏதோ கிடந்தது. நாங்கள் ஆர், ஒரு கோயிலிலகூட மெம்பரில்லையே எண்டு விட்டிட்டன்." லட்டுப் பெட்டியைக் கை மாற்றினார். "ரெண்டு தரம் வாசிச்சனான் பிள்ளை. பிழைவிடக் கூடாதெண்டு ரெண்டு தரம் வாசிச்சனான்."

"ஒரு வோட்டால ஒண்டும் நடக்கேல்ல அத்தான்."

"சீலனுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

தலையாட்டினார். திறப்பைப் பார்த்தார், அதை என்னிடம் நீட்டுவதா வைத்திருப்பதா என்று தெரியாதவராக விரலுக்குள் உருட்டினார். நான் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றும், அந்த யன்னல், அந்தக் கடிகாரம், அந்தச் சிரிப்பு, எல்லாம் என் முகத்தில் எழுதியிருக்குமோ என்று கூசிப்போனேன்.

"நான் உள்ளுக்கு வரலாமோ பிள்ளை?" என்று கேட்டார்.

விடியற்காலையிலிருந்து இந்த நாட்டில் யாராவது ஒருவர் என்னிடம் இரு என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது வாசலில் நின்று அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். அழுகை வந்துவிட்டது, துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை, சேலைத்தலைப்பு இல்லாத உடுப்பு, முழங்கையால் துடைத்தேன்.

"இதென்ன கேள்வி. வந்து இருங்கோ அத்தான்."

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். குசினிக் கதிரையை இழுத்து வைத்தேன். கோப்பையில் பாயாசத்தை ஊற்றினேன், தீய்ந்த மணம் அறை முழுக்க நின்றது. "அடிப்பிடிச்சுப் போச்சு," என்றேன். "சவ்வரிசியும் வேகேல்ல."

"காரியமில்லை, தாரும்," என்றார்.

"இருங்கோவன் அத்தான்," என்றேன், மறுபடியும்.

கதிரையின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், ஆனால் இருக்கவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நின்றபடியே குடித்தார்.